நெளி எந்தப் பக்கம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குள் அந்த நான்கு பிள்ளைகளும் முதல் நாள் நுழைந்தபோது வெட்டுப் பிரிவே சிரித்தது. ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு சின்ன அட்டை குத்தியிருந்தது. அதில் பெயருக்குப் பதில் பாடம் எழுதியிருந்தது: கணக்கு, அறிவியல், மொழி, ஓவியம். பள்ளிக்கூடச் செயல்திட்டத்துக்காக ஒரே கேள்வியை நான்கு பாடமாகப் பங்கு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்களாம். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மதியம்.

"ஐயையோ, கணக்கு வந்துருச்சு! ஒன்பதாம் வகுப்புல அதுக்குப் பயந்துதான் ஓடி வந்தேன். இங்கயும் தேடிப் புடிச்சிருச்சே," என்று பசை காய்ச்சுகிறவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"பயப்படாதீங்க அண்ணே. உங்க பசையக் குடுங்க, கணக்கு மண்டையில ஒட்டுதான்னு பாப்போம்," என்றான் கணக்கு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். வந்த நாளே வாய்க்கு வாய் பேசுகிற பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது? அன்றிலிருந்து அவன் வந்தால் டீ ஒன்று கூடுதலாக வரும்.

இவர்களை மேய்க்கிற வேலை பதினொண்ணு அக்கா தலையில் விழுந்தது. அந்தப் பெயர் அவளுக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

அந்தத் தொழிற்சாலைக்குப் பெரிய வாடிக்கை ஒரு கண்ணாடி ஜாடி கம்பெனி. ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு ஜாடி. ஜாடிகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க, உள்ளே அட்டைத் தடுப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகிப் பன்னிரண்டு அறை கட்டுவார்கள். தடுப்பு, ஜாடியைவிட ஒரு விரல் உயரம். மேலே அடுக்குகிற பெட்டிகளின் பாரத்தைத் தடுப்பு தாங்கவேண்டும், ஜாடி தாங்கக் கூடாது. முன்பெல்லாம் ஒரு ஷீட்டில் ஒன்பது தடுப்புதான் வெட்டுவார்கள். ஓரமெல்லாம் குப்பைக்குப் போகும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்கா ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டுப் பார்த்தாள். தடுப்பை அப்படியே பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் பதினொன்று வந்தது!

மேனேஜர் மூக்கின்மேல் விரலை வைத்தார். வெட்டும் அச்சை மாற்றினார்கள். அக்காவை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். வாசலில் வருகை அட்டை குத்துகிற மெஷினுக்கு மேலே அவள் போட்டோவை மாட்டி, 'இந்த ஆண்டின் சிறந்த யோசனை' என்று கீழே எழுதினார்கள். அவளுடைய சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று. பதினொண்ணு அக்கா ஆனாள். தினமும் காலையில் அட்டையைக் குத்தும்போது, யாரும் பார்க்காதபடி தன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். பார்த்தால் என்ன, சம்பாதித்த போட்டோதானே.

பிள்ளைகளுக்கு மேனேஜர் கொடுத்த கேள்வி இதுதான்: ஜாடி ஏன் உடைகிறது?

ஒரு வருஷமாக உடைகிறது. ஜாடி கம்பெனியிடமிருந்து வாரம் ஒரு புகார். விடை தனக்குத் தெரியும் என்றுதான் மேனேஜருக்கு நினைப்பு. லாரியில் ஏற்றுகிற பிரிவுக்கு ஒட்டகம் என்கிறவன் தலைவனாக வந்த பிறகுதான் உடைகிறது. அப்படியானால் ஒட்டகம்தான் உடைக்கிறான். ஆறடி உயரமும் நீளக் கழுத்துமாக எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முனகாமல் நடப்பான் என்பதால் வந்த பெயர் அது. இரண்டு தடவை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்று. ஆறாவது வாரம் ஜாடி கம்பெனி அதிகாரியம்மா வருவார், பிள்ளைகள் தங்கள் அறிக்கையைப் படிப்பார்கள், அதிலும் குற்றம் ஏற்றுகிறவர்கள்மேல் விழுந்தால் அன்றோடு ஒட்டகத்துக்கு வேலை இல்லை.

ஒட்டகம் அக்காவின் கொழுந்தன். அவள் வீட்டிலேயே இருக்கிறவன். அவள் வீட்டுக்காரர் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர், வாரத்தில் நான்கு நாள் வீட்டில் தங்கமாட்டார். ஆகவே சாப்பாட்டு மேஜையில் அண்ணியும் கொழுந்தனும்தான்.

"டம்ளரப் பாத்து வை. அதுவும் உடைஞ்சிறப் போகுது."

"இது எவர்சில்வர் அண்ணி."

"உன் கையில பட்டா அதுவும் உடையும்."

அவன் சிரிப்பான். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு சொல் சொல்வான்: "சத்தியமா நான் தூக்கிப் போடல அண்ணி. பூனைக்குட்டிய வைக்கற மாதிரி வைக்கிறேன்." அக்கா நம்பவில்லை. சொந்தக்காரனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, மேனேஜர் கேட்டபோது, "கொஞ்சம் அவசரக்காரன்தான் சார். நல்லாக் கண்டிச்சு வைங்க," என்று தன் வாயாலேயே சொல்லியும் இருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

பிள்ளைகளை அக்கா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றிப் பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், படம் ஒட்டிய நோட்டு ஒன்றைக் காட்டி மதிப்பெண் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். இரண்டாவது வாரத்திலேயே அந்த நினைப்பு போயிற்று.

மொழி என்பது சுருட்டை முடிப் பெண். திரும்பி வந்த சரக்கின் பதிவேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசல் காவல்காரரின் கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்தமாதிரி இருக்கும். மேனேஜரே படித்ததில்லை. அவள் மூன்று மதியம் அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, "ஐயா, இது ஏழா, கொக்கியா?" என்று கேட்டுக் கேட்டு அத்தனையும் பிரதி எடுத்தாள். அறிவியல், வாயே திறக்காத கட்டையான பையன். கூட வந்த டீச்சரிடம் அனுமதி வாங்கி லாரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜாடி கம்பெனிவரை போனான். அங்கே ஒவ்வொரு பெட்டியாக இறக்கும்போது நின்று எண்ணினான். திரும்பி வந்து இரண்டே வாக்கியம் சொன்னான்.

"மேல் வரிசை ஒண்ணுகூட உடையல அக்கா. உடைஞ்சதெல்லாம் அடி வரிசை."

மேனேஜர் காதில் இது விழுந்தது. "அப்ப அடி வரிசையத்தான் ஒட்டகம் தூக்கி வீசறான்," என்றார். அவருக்கு எந்தக் குதிரையில் ஏறினாலும் அந்த ஊருக்குத்தான் போகவேண்டும்.

அக்காவுக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. அவள் படித்த காலத்தில் கணக்கு ஒரு வீட்டில் குடியிருந்தது, மொழி வேறொரு வீட்டில். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இங்கே மொழி எடுத்துவந்த எண்களைக் கணக்கு வாங்கிக் கோடு போடுகிறான். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அறிவியல் எந்த லாரியில் ஏறுவது என்று முடிவு செய்கிறான். சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். நடுவில் டீச்சர், ஒரு மெலிந்த அம்மா, மூலையில் நின்று ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. நினைச்சத எழுதாதீங்க."

ஒரு நாள் கணக்கு, அக்காவின் பதினொன்றைத் தரையில் வரைந்து சரிபார்த்தான். நெடுநேரம் முழங்காலிட்டுக் கிடந்துவிட்டு எழுந்தான்.

"அக்கா, பன்னிரண்டு வரவே வராது. பதினொண்ணுதான் உச்சம். உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. அன்னிக்குச் சாப்பாடு கொண்டுவர மறந்துட்டேன். பொழுது போகல."

"எங்க சார் ரெண்டு நாள் உட்காந்து போட்டிருப்பாரு," என்றான் அவன். அன்று முழுவதும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் நான்காவது வாரத்தில் முடிந்தது. முடித்துவைத்தது ஓவியம்.

ஓவியம் காதில் பென்சில் சொருகியிருக்கும் பெண். எல்லோரும் எதையாவது எண்ணிக்கொண்டிருக்க, இவள் மட்டும் லாரி ஏற்றும் மேடையில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருப்பாள். அங்கே ஒட்டகத்துக்கு ஒரு ஆசனம் உண்டு. பழைய ஜாடிப் பெட்டி ஒன்று. உள்ளே பன்னிரண்டு அறையிலும் அவன் கூட்டத்தாரின் டீ கிளாஸ்கள். மூடியை மடக்கிவிட்டு அதன்மேலேயே உட்காருவான். நான்கு வருஷமாக அந்த ஆறடி உடம்பைத் தாங்குகிறது. அதையும், பக்கத்தில் இருந்த புதுப் பெட்டியையும் திறந்துவைத்து ஒரே தாளில் வரைந்திருந்தாள்.

கணக்கு அதைப் பார்த்துவிட்டுக் குதித்தான். "தப்பா வரைஞ்சிருக்கே! ரெண்டும் ஒரே பெட்டிதானே? இதுல தடுப்போட மேல் விளிம்புல அலை அலையா இருக்கு. அதுல அலையே இல்ல, வெறும் கோடு."

"நான் பாத்ததத்தான் வரைஞ்சேன்."

"சோம்பேறித்தனம். அலை போடக் கை வலிச்சிருக்கும்."

"போய் நீயே பாரு! நாலு கண்ணு வெச்சிருக்கியே, எதுக்கு?"

"அக்கா, நீங்களே சொல்லுங்க," என்று அவன் தாளை அக்காவிடம் நீட்டினான்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். அந்த வெறும் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

இந்த அட்டையில் இரண்டு தாளுக்கு நடுவே மூன்றாவது தாள் ஒன்று அலையலையாக ஓடும். அதற்கு அங்கே நெளி என்று பெயர். அட்டைக்குப் பலமே அதுதான். நெளி நின்றவாக்கில் இருந்தால் தூண் வரிசை மாதிரி பாரம் தாங்கும். படுத்தவாக்கில் இருந்தால் மேலிருந்து அழுத்தியதும் மடங்கிக் கொடுக்கும். வெளிப்பெட்டிக்கு நெளி நிற்கவேண்டும் என்பது அங்கே கூட்டுகிறவருக்கும் தெரியும். உள்ளே போகிற தடுப்பைப்பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அக்கா திருப்பிப் போட்டாளே, பதினொன்று வரட்டும் என்று, அன்றைக்கே தடுப்பில் நெளி படுத்துவிட்டது. பழைய பெட்டியில் மேல் விளிம்பில் அலை தெரிகிறது, நெளி நிற்கிறது. புதியதில் வெறும் கோடு. அந்தப் பெண் ஒரு கோடுகூடத் தப்பாக வரையவில்லை.

"சரியாத்தான் வரைஞ்சிருக்கா," என்றாள் அக்கா. தாளை ஓவியத்திடமே திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த மதியமே அறிவியல் வாளிகளோடு வந்துவிட்டான். புதுத் தடுப்பு ஒன்றைத் தரையில் நிறுத்தி, மேலே பலகை வைத்து, தண்ணீர் வாளிகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். ஐந்தாவது வாளியில் தடுப்பு முழங்கால் மடிந்ததுபோல் உட்கார்ந்தது, தரையெல்லாம் தண்ணீர். பிறகு அதே ஷீட்டில் நெளி நிற்கும்படி கையால் வெட்டிய தடுப்பு. ஐந்து, ஆறு, ஏழு. ஒன்பதாவது வாளியும் ஏறியது. அசையவில்லை. வாளி தீர்ந்துபோயிற்று.

"கண்டுபுடிச்சிட்டோம்!" என்று நான்கு பேரும் ஈரத்தில் குதித்தார்கள். பசை காய்ச்சுகிறவர்கூடக் கை தட்டினார். அக்காவும் தட்டினாள். அவ்வளவு சுத்தமான வேலை அது, தட்டாமல் இருக்க முடியவில்லை.

"அப்ப தடுப்பத் திருப்பினதுதான்..." என்று ஆரம்பித்த கணக்கு பாதியில் நின்றான். மெதுவாக அக்கா பக்கம் திரும்பினான். பதினொன்றைச் சரிபார்த்தவன் அவன்தானே. மற்ற மூன்று முகங்களும் ஒவ்வொன்றாக வாடின. வாளிகளை எடுத்துக்கொண்டு, தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

அறிக்கை நாளுக்கு முந்தின மதியம் மொழியும் கணக்கும் அக்காவிடம் வந்தார்கள். வழிகாட்டிக்குப் படித்துக்காட்டவேண்டுமாம். மொழி படித்தாள். நெளி நின்றால் இவ்வளவு, படுத்தால் இவ்வளவு, தடுப்பை மாற்றவேண்டும், நன்றி. எப்போது படுத்தது, எப்படிப் படுத்தது என்று ஒரு வரி இல்லை. கணக்கு, உடைந்த ஜாடிகளின் வரைபடத்தை விரித்தான். சமமாக வந்த கோடு திடீரென்று படிக்கட்டு ஏறுகிறது. அடியில் மாதங்கள் இருக்கவேண்டிய இடத்தைக் கத்தரியால் நறுக்கி எடுத்திருந்தான்.

"மாசம் எங்கப்பா?"

"இடம் பத்தல அக்கா."

"இவ்ளோ பெரிய தாள்ல இடம் பத்தலயா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மொழி தரையைப் பார்த்தாள். ஆறு வாரமாகப் பார்த்ததைத் தவிர ஒன்றும் எழுதாத பிள்ளைகள், தனக்காகத் தாளை வெட்டியிருக்கிறார்கள் என்று அக்காவுக்குப் புரிந்தது. நன்றி சொல்வதா, தலையில் குட்டுவதா என்று தெரியவில்லை. "நல்லாருக்கு. போயிட்டு வாங்க," என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒட்டகம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காலரை மூன்றாவது தடவையாகத் தேய்த்தான்.

"பொண்ணு பாக்கப் போறியா?"

"அப்படிப் போனாலும் வேலை இல்லாதவனுக்கு யாரு அண்ணி குடுப்பா?" சிரிக்கப் பார்த்தான். "நாளைக்கு அந்த அம்மா முன்னாடி நிக்கணும்ல. பசங்க அட்டையில குறைன்னு சொன்னாங்க. ஆனா மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு. அட்டை எப்பவும் அதே அட்டைதானே, நீ வந்தப்புறம்தானே உடையுதும்பாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துருச்சு, நான்தான் தெரியாம வீசறனோன்னு."

அக்கா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"பாத்து அண்ணி," என்றான். "எவர்சில்வர்தான். உடையாது."

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜாடி கம்பெனி அதிகாரியம்மா முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக இருந்தார். ஒட்டகம் இஸ்திரி போட்ட சட்டையோடு கதவோரம் நின்றான். அவனுடைய டீ கிளாஸ் பெட்டியும் மேஜைமேல் காட்சிக்கு இருந்தது, 'வேறு ஒரு பெட்டி' என்ற சீட்டோடு. பிள்ளைகள் அழகாகச் சொன்னார்கள். ஓவியத்தின் படத்தைப் பார்த்து அதிகாரியம்மா எழுந்து கிட்டவே வந்துவிட்டார்.

முடிந்ததும் மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அட்டை எப்பவும் இதே அட்டைதானே? அதுக்கு முன்னாடி ஏன் உடையல? இவன் பொறுப்புக்கு வந்தப்புறம்தானே உடையுது?"

நேற்று ஒட்டகம் சொன்ன அதே வார்த்தை. பதில் நான்கு பிள்ளைகளிடமும் இருந்தது. ஒருவர்கூட அக்கா பக்கம் திரும்பவில்லை, பிடிவாதமாகச் சுவரைப் பார்த்தார்கள். அதுதான் அக்காவால் தாங்க முடியாமல் போயிற்று.

எழுந்தாள்.

"அட்டை அதே அட்டைதான் சார், தடுப்புதான் மாறிச்சு. திருப்பினது நான். வாசல்ல போட்டோ மாட்டி வெச்சிருக்கீங்களே, அந்த யோசனைதான். ஒன்பத பதினொண்ணாக்கினேன்ல, அன்னிக்கு நெளி படுத்துருச்சு. எனக்கு அப்பத் தெரியல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இந்தப் பொண்ணு வரைஞ்ச படத்தப் பாத்ததும் தெரிஞ்சுது, தெரிஞ்சும் சும்மா இருந்தேன்." மூச்சு வாங்கினாள். "இவன் பொறுப்புக்கு வந்ததும் அதே மாசம். பழி அவன் மேல விழுந்துச்சு. அவசரக்காரன், கண்டிச்சு வைங்கன்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான். அதுவும் தப்பு."

கணக்கு சட்டைப்பையில் கையை விட்டான். நான்காக மடித்த காகிதத் துண்டு ஒன்று வெளியே வந்தது. நறுக்கிய மாதங்கள். தூக்கிப் போட அவனுக்கு மனம் வந்திருக்கவில்லை. "அண்ணே, பசை," என்று கை நீட்டினான். பசை காய்ச்சுகிறவர் விரல் நுனியில் கொண்டுவந்து கொடுத்தார். வரைபடத்தின் அடியில் துண்டை ஒட்டினான். ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. போட்டோ மாட்டிய மாதத்துக்கு அடுத்த மாதத்தில் படிக்கட்டு ஆரம்பித்தது.

அதிகாரியம்மா நோட்டை மூடினார். "வாளி எங்க இருக்கு? நானே ஒரு தடவ வெச்சுப் பாக்கறேன்."

வைத்துப் பார்த்தார். ஐந்தாவது வாளியில் அவர் செருப்பு நனைந்தது. நனைந்த காலோடு ஒட்டகத்தின் பெட்டியைத் தட்டி, உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த மூடியைப் பார்த்து, "இதுல யாரு உட்காந்தது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா. நாலு வருஷமா."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இதவிடப் பெரிய சோதனை வேணாம். இது எனக்கு வேணும். எங்க ஆளுங்களுக்குக் காட்டணும்."

மேனேஜர் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களின் நகலையும் கோப்பிலிருந்து உருவி, எல்லோரும் பார்க்கக் குறுக்காகக் கிழித்தார். மனுஷனைச் சும்மா சொல்லக் கூடாது, "திருப்பறதுக்குக் கையெழுத்துப் போட்டது நான். நானும் விளிம்பப் பாக்கலியே," என்று சொல்லவும் செய்தார். பிறகு அக்காவிடம் தயங்கித் தயங்கி, "அந்த போட்டோவ... என்ன பண்ணலாம்?" என்றார்.

"இருக்கட்டும் சார். பக்கத்துல இந்தப் பசங்க வரைபடத்தையும் ஒட்டுங்க. மாசத்தோட."

பிள்ளைகள் கிளம்பும்போது கணக்கு மட்டும் பின்தங்கினான். "அக்கா, ஷீட்ட ரெண்டு விரல் கூடுதல் அகலமா வரவழைச்சா, நெளி நின்னவாக்குலயே பத்து வருது. நேத்துப் போட்டேன். நீங்க ஒரு தடவ சரி பாருங்க." சாக்பீஸை நீட்டினான். அக்கா முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். பத்து வந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

"சாப்பாடு கொண்டுவர மறந்துட்டேன்," என்றான் அந்தப் போக்கிரி.

வீட்டுக்கு நடக்கும்போது ஒட்டகம் முன்னால் போனான். அக்கா ஓரடி பின்னால் நடந்தாள். திட்டினால் திட்டட்டும் என்று இருந்தாள். தெருமுனை திரும்பும்போது அவன் பெருமூச்சு விட்டான்.

"எல்லாம் சரி அண்ணி. என் நாற்காலியப் பறிகொடுத்துட்டு வந்துட்டேனே. கிளாஸயெல்லாம் பையில போட்டுத் தூக்கிட்டு வரேன், பாருங்க."

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே அக்கா போனாள். ஒரு ஷீட்டை எடுத்து விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, மெஷினில் போடாமல் கையாலேயே தடுப்புகளை வெட்டினாள். சொருகினாள். பன்னிரண்டு அறை. கிளாஸ்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, மூடியை மடக்கி, மேடைக்குத் தூக்கிக்கொண்டு போய் அவன் எதிரே வைத்தாள்.

ஒட்டகம் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தான். குனிந்தான். மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"நெளி எந்தப் பக்கம் அண்ணி?"

"உட்காந்து பாரு."

அவன் ஆறடியையும் மெதுவாக இறக்கினான். பெட்டி முனகக்கூட இல்லை. உள்ளே பன்னிரண்டு கிளாஸும் சத்தம் போடாமல் இருந்தன.